கூடி உட்காரவும் கூலி வேண்டும்

'ஆறுதல்' என்கிற சொல்லின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு ஒரு சொல்லோடு சண்டை வருவது அதிசயமில்லை. ஆனால் இது வகுப்பறையில் வந்த சண்டை இல்லை. ஊனமுற்ற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கென்று நடக்கிற கூட்டங்களில், மேடையிலிருக்கும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, "பெற்றோர்களாகிய நீங்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்க வேண்டும்" என்று சொல்லாமல் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. சோறு ஆறும். புண் ஆறும். கோபமும் ஆறும். ஆறுவது என்றால் சூடு போவது. இவர்களுக்கு வேண்டியதும் எங்கள் சூடு போவதுதான். நாங்களே கூடி, நாங்களே அழுது, நாங்களே முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டால் யாருக்கும் செலவில்லை. ஒரு டீ, இரண்டு பிஸ்கட்டோடு கணக்கு முடிந்தது.

பெற்றவர்கள் கூடுவதை நான் குறை சொல்லவில்லை. அதன் அருமை தெரிந்ததால்தான் எழுதுகிறேன். அதை ஆறுதல் என்று சுருக்கி இனாமாக வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்களே, அவர்களோடுதான் என் வழக்கு.

என் மகனுக்கு ஒன்பது வயசு. மூளை முடக்குவாதம். கழுத்து நிற்கவே நாலு வருசம் ஆனது. நான் வத்தல்மலை அடிவாரத்துச் சேரியில் பிறந்தவள், வாக்கப்பட்டதும் பக்கத்திலேயேதான். மலைக்கு மேலே பால்சிலம்பு, சின்னாங்காடு, பெரியூர் என்று சிற்றூர்கள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள், பேருக்குப் பின்னால் கவுண்டர் போடுபவர்கள். அரசாங்கக் காகிதத்தில் பழங்குடி, எங்கள் எதிரில் கவுண்டர். மேலே கூலிக்குப் போன என் அப்பாவுக்கு ஒரு வீட்டில் தண்ணீரைக் கையில்தான் ஊற்றினார்கள். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஊனம் சாதியைக் கடந்தது, கண்ணீருக்கு நிறமில்லை என்றெல்லாம் எழுதி நம்மை ஏமாற்றுகிற கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

அடையாள அட்டைக்கான முகாம் ஒன்றில், வரிசையில் நிற்கும்போதுதான் மேலே இருந்து வந்த இரண்டு பெண்களைப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கே வந்து நின்றவர்கள். டாக்டர் வந்தது பதினொரு மணிக்கு. என் மகனுக்கு வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். நான் படிவம் நிரப்புவதில் இருந்தேன். பக்கத்திலிருந்த மலைக்காரம்மா ஒன்றும் பேசாமல் தன் முந்தானையை எடுத்து அவன் வாயைத் துடைத்துவிட்டாள். அவள் மடியிலும் அதே மாதிரி ஒரு பெண் குழந்தை. எச்சில் என்பது நமக்குச் சாதாரணச் சொல்லா தோழர்களே? பேஷ்வாக்கள் ஆண்ட புனேவில் தீண்டப்படாதவன் தன் எச்சிலைத் தானே ஏந்திக்கொள்ளக் கழுத்தில் மண்கலயம் கட்டித் திரிந்ததை அம்பேத்கர் 1936-இலேயே எழுதிவைத்திருக்கிறார். அந்த எச்சிலைத்தான் ஒரு கவுண்டர் வீட்டம்மா துடைத்தாள். அதோடு சாதி செத்துவிட்டது என்று எழுதப்போவதில்லை. அடுத்த மாதம் நாங்கள் நாலைந்து பேர் பிள்ளைகளோடு பால்சிலம்புக்குப் போனபோது வெளித் திண்ணையில்தான் உட்கார்ந்தோம். உள்ளே வாங்க என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் உட்கார்ந்தோம். மூணு மணி நேரம் உட்கார்ந்தோம்.

அந்த மூணு மணி நேரத்தில் யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. பேசினது இதுதான்.

"தண்ணியா ஊத்தாத தங்கச்சி, பொரையேறும். ராகிக் கூழக் கெட்டியாக் காய்ச்சு. மல்லாக்கப் படுக்கவெச்சு ஊட்டாத. உக்காரவெச்சு, கழுத்த லேசா முன்னால சாய்ச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா."

"ரெண்டு செவுரு சேர்ற மூலை இருக்குதில்ல, அங்க ரெண்டு பக்கமும் சாக்கு மடிச்சு வெச்சு உக்காரவையி. சாயமாட்டான்."

"நான் காட்டுல இடுப்பளவு குழி வெட்டி வெச்சிருக்கேன். சாக்குப் போட்டு அதுல நிக்கவெச்சுட்டுக் களை எடுப்பேன். நானும் அவ கண்ணுக்குத் தெரிவேன், அவளும் என் கண்ணுக்குத் தெரிவா."

"வலிப்பு வந்தா சாவிக்கொத்தத் தேடி ஓடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்கப்போடுங்க. வாயில ஒண்ணும் திணிக்காதீங்க. மாத்திரைய உங்க இஷ்டத்துக்கு நிறுத்தாதீங்க."

குழியில் பிள்ளையை நிறுத்துகிறாள் என்று கேட்டால் டவுன்காரர்கள் கொடுமை என்பார்கள். பிசியோதெரபி அறையில் பெல்ட்டும் மரச்சட்டமும் வைத்து நிற்கவைக்கிறார்களே, அந்த வேலையைத்தான் அந்தக் குழி செய்கிறது. ஒன்றுக்கு ரசீது உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. இது அறிவு. பெற்றவளின் உடம்பில் வருசக்கணக்காகத் தேய்ந்து தேய்ந்து ஏறின அறிவு. நம்முடைய நெசவையும் மருத்துவத்தையும் 'கைப்பழக்கம்' என்று சொல்லி அறிவுப் பட்டியலிலிருந்து தள்ளினவர்கள்தான் இதை 'ஆறுதல்' என்று சொல்லித் தள்ளுகிறார்கள்.

காகித அறிவும் அங்கேதான் கிடைத்தது. பதினெட்டு வயசு ஆனபிறகு, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்குத் தாய் தகப்பனே சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999-ஆம் வருசத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுப்போட்டு வாங்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது எந்த ஆபீசரும் இல்லை. பத்தொன்பது வயசு மகனுக்காக நாலு தடவை கலெக்டர் ஆபீசுக்கு நடந்த, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஓர் அக்கா.

சாயங்காலம் ஆகிறபோது ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "இவளையும் தூக்கிக்கிட்டு ஒரேடியாப் போயிடலாம்னு போன வருசம் ஒருநாள் கெளம்பிட்டேன்." யாரும் ஐயோ என்று பதறவில்லை. "நானும்தான்" என்றது இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. நமக்குப் பிறகு யாரு என்கிற கேள்வி எல்லா வீட்டுக் கூரையிலும் தொங்குகிறது. அங்கே முடிவானது ஒரு சின்ன ஏற்பாடு. காப்பிக் கொட்டை பறிக்கிற மாதங்களில் அந்தத் தங்கச்சியைத் தனியாக விடுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் அவள் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா வைத்துக்கொள்வாள். மனநல நிபுணர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், மலைக்கு மேலேயே வேண்டும். அவர் வருகிறவரை அவள் உயிரோடு இருக்க வேண்டாமா?

தருமபுரிக்காரர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பெண்சிசுக்கொலைக்காக இந்தப் பக்கத்து மாவட்டங்கள் பத்திரிகைகளில் அடிபட்ட காலத்தில் அரசாங்கம் தொட்டில் வைத்தது. 1992-இல் சேலத்தில் தொடங்கி 2001-இல் தருமபுரிக்கும் வந்தது தொட்டில் குழந்தைத் திட்டம். வளர்க்க முடியாவிட்டால் எங்களிடம் போட்டுவிடு என்று சொல்லத் தெரிந்த அரசாங்கத்துக்கு, நீயே வளர்க்க நான் என்ன தர வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை.

சரி, இவ்வளவு நல்லது என்றால் மாதா மாதம் கூட வேண்டியதுதானே? அங்கேதான் மேடைக்காரர்களின் பேச்சு உடைகிறது. எங்கள் பக்கம் பெண்ணாளுக்குக் கூலி 350 ரூபாய். கூட்டத்துக்கு வந்தால் அது போச்சு. நடக்காத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் படி ஏற முடியாத வயசு வந்துவிட்டால் ஆட்டோ வேண்டும். வீட்டில் இருக்கிற மற்ற பிள்ளைக்கு மதியச் சோறு? மாமியாருக்குப் பதில்? நாங்கள் மூணு மாதத்தில் ஒரு நாள்தான் கூட முடிந்தது. நகரத்து வரவேற்பறையில் கூடுகிற பெற்றோருக்கு நேரம் மட்டும்தான் செலவு. எங்களுக்கு நேரமே சோறு.

தமிழ்நாட்டு அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1500-லிருந்து 2000 ரூபாய் ஆனது. 2000 என்பது நாளைக்கு 67 ரூபாய்கூட இல்லை. பக்கத்து ஆந்திரத்தில் 2024 ஜூலையில் மாதம் 6000 ஆக்கினார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 15,000. 2016-ஆம் வருசத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் படி என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பராமரிப்பு ஒரு வேலை என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. மேடையில் இருப்பவர்களுக்குத்தான் அது இன்னும் தாய்ப்பாசம்.

இன்னொரு கேலி. 'குழு' என்கிற சங்கதியே எங்கள் மாவட்டத்தில் முளைத்ததுதான். 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தமிழ்நாட்டிலேயே முதலில் தருமபுரியில்தான் தொடங்கியது. இங்கிருந்துதான் மாநிலம் முழுக்கப் போனது. அந்தக் குழுவில் என்னைச் சேர்க்கவில்லை. "இவ வாரா வாரம் எங்க வருவா? புள்ளய எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரின்னு ஓடிருவா. கடன யாரு கட்டுறது?" என்று எங்கள் தெருப் பெண்களே சொன்னார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனசில்லை. ஒருத்தி தவறினால் எல்லாரும் கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டது வங்கி. ஊனமுற்ற பிள்ளையின் தாய் அந்தக் கணக்கில் கழித்தல் குறி.

இனி, பாவம். வத்தல்மலைக்கு ஒழுங்கான சாலை வந்தது 2010-க்குப் பிறகு. முதலமைச்சர் மலையேறி வந்தது 2021 செப்டம்பரில். அரசுப் பேருந்து ஏறியது 2022-இல். அதற்கு முந்தியெல்லாம் வலி கண்டவளைத் தூளி கட்டித்தான் இறக்கினார்கள். பிறக்கும்போது மூச்சு முட்டினால் மூளையில் அடி விழும். பார்க்காமல் விட்ட மஞ்சள் காமாலையும் அடிக்கும், காய்ச்சலும் அடிக்கும். இது எந்த ஜென்மத்துக் கணக்கும் இல்லை. சாலையின் கணக்கு, ஆம்புலன்சின் கணக்கு. ஆனால் என் மகனைத் தூக்கிக்கொண்டு போன ஓர் ஆஸ்பத்திரியில், பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே கேட்டார்கள்: "சொந்தத்துல கட்டிக்கிட்டியா?" இல்லை என்றேன். "அப்புறம் எப்படி?" என்றார்கள். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்புக் கூடுவது உண்மைதான். எனக்குச் சண்டை விஞ்ஞானத்தோடு இல்லை. எத்தனை மணி நேரம் வலியில் கிடந்தாய், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே, அதோடுதான். 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாள்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது நாடே பேசியது. செத்த பிள்ளைகளை எண்ணினார்கள். அப்படிப்பட்ட பிரசவங்களில் தப்பிப் பிழைத்து, மூளையில் அடியோடு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளை யார் எண்ணுவது?

பாவத்தை எங்கே கற்றோம்? மனுவின் 11-ஆம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். முற்பிறவிப் பாவத்தின் மிச்சத்தால்தான் மூடராகவும் ஊமையாகவும் குருடாகவும் செவிடாகவும் பிறக்கிறார்கள் என்று இருக்கிறது. 9-ஆம் அத்தியாயத்தில் அவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை என்று இருக்கிறது. நம்மைச் சேரிக்கு அனுப்பிய அதே வாதம், அதே கை. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் எரித்தது அந்த ஏட்டைத்தான். எரித்தவர் பேரைச் சொல்லிக்கொண்டே, நம் தெருவில் நம் வாயாலேயே "என்ன பாவம் பண்ணாளோ" என்கிறோம். நம்மேல் எய்தபோது பொய்யாக இருந்தது, மூலையில் கிடக்கிற பிள்ளைமேல் எய்தால் மட்டும் மெய்யாகிவிடுமா?

பாவம் இல்லாவிட்டால் தெய்வம். 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் பேசி 'திவ்யாங்' என்ற பேரைக் கொண்டுவந்தார். தெய்வீக உறுப்பு உடையவர்களாம். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? 'ஹரிஜன்' என்று நமக்குப் பேர் வைத்தார்களே, அதே தாலாட்டு. கடவுளின் பிள்ளைகள் என்று சொல்லிக் கிணற்றுப் பக்கம் விடாத தாலாட்டு. தெய்வத்துக்குப் படிக்கட்டில் சாய்தளம் எதற்கு, பென்சன் எதற்கு? தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றினோம். சொல் பரவாயில்லை. நான் இந்தக் கட்டுரையில் ஊனம் என்றும் எழுதுகிறேன், மாற்றுத்திறனாளி என்றும் எழுதுகிறேன். பேரை யார் வைத்தார்கள், பேரோடு என்ன கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

பெற்றவர்கள் கூடி எதைச் சாதித்திருக்கிறார்கள் என்றால், நிறைய. 1946-இல் இங்கிலாந்தில் ஜூடி ஃப்ரைட் என்ற தாய், பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளாத தன் மகளைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். என்னைப் போன்றவர்கள் எனக்கு எழுதுங்கள் என்றார். எழுதினார்கள். அது சங்கமாகி, இன்று மென்கேப் என்ற பேரில் அந்த நாட்டின் பெரிய அமைப்பாக நிற்கிறது. சென்னையில் 1985-இல் வித்யாசாகரைத் தொடங்கிய பூனம் நடராஜனும் மூளை முடக்குவாதம் கொண்ட மகனின் தாய்தான். 1995-இல் பெற்றோர் சங்கங்கள் பரிவார் என்று அகில இந்திய அளவில் இணைந்தன. 1999-ஆம் வருசத்துச் சட்டத்துக்குப் பின்னால் பெற்றோர்களின் அழுத்தம் இருந்தது. இவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள், டெல்லிக்கு ரயில் ஏற முடிந்தவர்கள் சேர்த்த சங்கங்கள் இவை. களை எடுக்கிறவள் எப்போது சேருவாள்?

அவளும் சேர்ந்திருக்கிறாள். மெக்சிகோவில் அஹோயா என்கிற மலைக்கிராமத்தில் 1981-இல் ஊனமுற்ற கிராமத்தார்களே ஒரு மறுவாழ்வு நிலையம் தொடங்கினார்கள். மரத்திலும் பழைய டயரிலும் நாற்காலி செய்தார்கள், தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே காசர்கோடு. அரசாங்கத்தின் முந்திரித் தோட்டங்களில் 2000 வரை வருசக்கணக்காக ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். பிள்ளைகள் என்னவாகப் பிறந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தாய்மார் 2016-இலும் 2019-இலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். அதுவும் கூடி உட்காருவதுதான். தமிழ்நாட்டில் 2010-இல் உருவான சங்கத்தின் பேரையே பாருங்கள்: தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம். 'மற்றும் பாதுகாப்போர்' என்ற அந்த இரண்டு சொல்லுக்காகவே அவர்களுக்கு ஒரு வணக்கம். பார்த்துக்கொள்கிறவளை உரிமையுள்ள ஆளாக எண்ணின பேர் அது.

இன்னும் கிட்டத்தில் வேண்டுமா? வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து சூறையாடிய, பதினெட்டுப் பெண்களைச் சீரழித்த ஊர், இதே மாவட்டம்தான். அந்தப் பெண்களும் மலையாளிகள்தான். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறவரை பத்தொன்பது வருசம் ஒருத்தி கையை ஒருத்தி விடாமல் நின்றார்கள். 2023-இல் உயர்நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்தார்கள் என்று யாராவது எழுதினால் கை கூசாது?

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். நம் இயக்கக் கவிதைகளில் வருகிற உடம்பு எப்போதும் திமிறி எழுகிற உடம்பு. சரி, அடங்கிக் கிடந்த இனம் அப்படித்தான் பாடும். ஆனால் எழ முடியாத உடம்பு நம் பிள்ளை இல்லையா? தொண்ணூறுகளிலிருந்து எழுதிக் குவித்த தன்வரலாறுகளில், மூலையில் படுத்திருக்கிற பிள்ளை வறுமைக்குச் சாட்சியாக ஒரு வரியில் வந்துவிட்டுப் போகிறது. அதற்குப் பேரும் கிடையாது, ஆசையும் கிடையாது. ஆர்ப்பாட்டத்தில் "செவிட்டு அரசே, குருட்டு அரசே" என்று கத்துகிறோம். சாதிப் பேரை வசவாக்கினால் வழக்குப் போடுகிற நாம்தான் இப்படிக் கத்துகிறோம். ஒரு தோழரின் மகனுக்கு ஆட்டிசம். பறைச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருளுவான். பறையை நிறுத்து என்று நான் கேட்கவில்லை, அது நம் குரல். மண்டபத்தின் கடைசியில் கதவு சாத்தின ஒரு அறை, அதில் ஒரு பாய், ஒரு ஆள், இவ்வளவுதான். அது இல்லாததால் அந்தத் தோழரின் மனைவி ஆறு வருசமாக எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. பெண்கள் ஏன் வருவதில்லை என்று நாம் கருத்தரங்கம் நடத்துகிறோம்.

கேட்பது பெரிதில்லை. அட்டைக்கான முகாமை மலைக்கு மேலே நடத்து. டாக்டர் ஏறட்டும், பிள்ளைகள் இறங்க வேண்டாம். பெற்றவர்கள் கூடுகிற நாளுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் கொடு. ஆபீசர்கள் கூடினால் பயணப்படி வாங்குவதில்லையா? இன்னொரு தாய்க்கு ஊட்டவும் நிறுத்தவும் கற்றுக்கொடுக்கிற தாயை வேலைக்காரியாக எண்ணிச் சம்பளம் போடு. பராமரிப்பாளர் படியை அரைவயிற்றுக்கு இல்லாமல் கொடு. தொண்டு நிறுவனத்தார்க்கும் ஒன்று: எங்கள் பிள்ளை எச்சில் ஒழுக இருக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். துடைத்துவிட்டுக் கேளுங்கள்.

அடுத்த தடவை கூடுவது மாசியில், காப்பி பறிப்பெல்லாம் முடிந்தபிறகு, பால்சிலம்பிலேயே. அன்றைக்குக் கூலிக்குப் போகிற வீட்டிலிருந்து ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு, கூலி போகிறவளுக்குக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். போதாது, தெரியும். இதைப் படிக்கிற தோழர்கள் வரலாம். பேனர் வேண்டாம், பேச்சாளர் வேண்டாம். எங்கள் பதினோரு பிள்ளைகளை அந்த மூணு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முடிந்தால் நாலு பேராக வாருங்கள். மதியச் சோறு உண்டு. யார் ஆக்குவது என்பதுதான் இன்னும் பேச்சில் இருக்கிறது.